சவூதி வீட்டில் விருந்தாளியாக அமர்வது: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரியாத்துக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலர் முதல் சில வாரங்களில் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். அலுவலகத்திலோ பணித்தளத்திலோ மூன்று நான்கு சவூதியர்கள் தரையில் விரிப்பை விரித்து, ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்டுகொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் நாம் நடந்தால் அவர்களில் ஒருவர் கையை உயர்த்தி, ‘தஃபள்ளல்’ என்பார். வாருங்கள், எங்களோடு உண்ணுங்கள் என்பது அதன் பொருள். நாமோ கூச்சத்தாலும், அழைப்பு வெறும் மரியாதைக்குத்தான் என்ற நினைப்பாலும், தலையை அசைத்துவிட்டு விரைந்து கடந்துவிடுகிறோம். அந்த அழைப்பு வெறும் மரியாதைக்கு அன்று. ஒரு கவளமோ ஒரு பேரீச்சம்பழமோ எடுத்துக்கொண்டு நன்றி சொன்னால் போதும்; அன்று முதல் அவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். உண்மையிலேயே உண்ண இயலாத நிலை என்றால், வலக்கையை நெஞ்சில் வைத்து ‘பில் ஆஃபியா’ (உடல் நலத்தோடு உண்ணுங்கள்) என்று சொல்லிவிட்டு நகர்வதே முறை. மறுப்பதைவிட மறுக்கும் விதம்தான் இங்கே மனத்தைத் தைக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அரபு உலகம் மொரோக்கோவிலிருந்து ஓமான் வரை விரிந்தது. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே உணவு முறை கிடையாது. இந்தக் கட்டுரை சவூதி அரேபியாவை, அதிலும் ரியாத்தை உள்ளடக்கிய நஜ்த் பகுதியின் வழக்கங்களை முதன்மையாகக் கொண்டது. மற்ற வளைகுடா நாடுகளில் பெயர்களும் சிறு நடைமுறைகளும் மாறினாலும் இதன் பெரும்பகுதி அங்கும் பொருந்தும்.

நேரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சவூதிக் குடும்பங்களில் மதிய உணவே நாளின் பெரிய உணவு. லுஹர் (நண்பகல்) தொழுகை முடிந்த பிறகு, பெரும்பாலும் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் அதை உண்பார்கள். இரவு உணவு இஷா (இரவு) தொழுகைக்குப் பிறகுதான். வீட்டில் 9 அல்லது 10 மணி ஆகும், விருந்தென்றால் இன்னும் தாமதமாகலாம். வார விடுமுறை 2013 முதல் வெள்ளியும் சனியுமாக இருப்பதால், வியாழன் இரவும் வெள்ளி மதியமும் விருந்துக்கு உரிய பொழுதுகளாகிவிட்டன.

‘இஷாவுக்குப் பிறகு வாருங்கள்’ என்று ஒருவர் அழைத்தால், போனவுடன் சாப்பாடு பரிமாறப்படும் என்று எண்ணிப் பசியோடு போகாதீர்கள். அந்த அழைப்பில் கஹ்வா என்னும் அரபுக் காப்பியும் பேச்சும் முதலில் வரும். சோறு வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நம் ஊரில் சாப்பிட்டு முடித்த பின்தான் நிதானமாகப் பேச உட்காருவோம். இங்கே வரிசை தலைகீழ்: பேசி முடித்த பின்பே உண்பார்கள், உண்டவுடன் கிளம்பிவிடுவார்கள். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உணவகங்களைப் பொறுத்தவரை, முன்பு தொழுகை நேரத்தில் எல்லாக் கடைகளையும் அடைத்துவிடுவார்கள். 2021-க்குப் பிறகு பெரும்பாலானவை திறந்தே இருக்கின்றன. ஆயினும் சிறிய கடைகள் சில, இன்றும் சற்று நேரம் கதவைச் சாத்துவதைக் காணலாம்.

கடையில் கேட்டு வாங்கப் பழகுங்கள்

விருந்து அழைப்பு வருவதற்கு முன், அன்றாட உணவைக் கடைகளில் உண்டு பழகுவது நல்லது. காலை உணவுக்கு மலிவானதும் வயிற்றுக்கு நிறைவானதும் ஃபூல்தான். பெரிய மொச்சை போன்ற அவரை விதையை இரவு முழுவதும் குடுவையில் வேகவைத்து, மசித்து, சீரகமும் எண்ணெயும் சேர்த்து, தக்காளி, வெங்காயம் தூவித் தருவார்கள். அதற்குத் துணை தமீஸ் என்னும், தந்தூர் அடுப்பில் சுட்ட பெரிய ரொட்டி. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டிலேயே அதைத் தின்ன வேண்டும். ஆறினால் தோல் போலாகிவிடும். நம்மவர்கள் குப்பூஸ் என்று சொல்லும் தட்டை ரொட்டி எல்லாப் பகாலாக்களிலும் (மளிகைக் கடைகளிலும்) கிடைக்கும். பூஃபியா எனப்படும் சிறு சிற்றுண்டிக் கடைகளில் முட்டை, ஃபலாஃபில், ஈரல் ஆகியவற்றை நீள ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். ஜித்தா, மக்கா பக்கம் கிடைக்கும் முதப்பக், நம் ஊர் முர்தபாவின் உறவு. மடித்தது என்பதே அச்சொல்லின் பொருள்.

பால் பொருள்களின் பெயர்களில் கவனம் தேவை. சவூதியில் லபன் என்பது நம் மோரைப் போல் குடிக்கும் பானம். தயிர் வேண்டுமென்றால் ஸபாதி என்று கேட்க வேண்டும். லப்னா என்பது நீரை வடித்துக் கெட்டியாக்கிய தயிர். ரொட்டியில் தடவி உண்பது.

அடுத்து சோறு. கப்சா, மந்தி என்ற பெயர்கள் இப்போது தமிழ்நாட்டுப் பெயர்ப்பலகைகளிலும் தெரிகின்றன. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்பதைப் பலர் அறிவதில்லை. கப்சாவில் இறைச்சியை மசாலாவோடு வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே அரிசியை வேகவைப்பார்கள். பட்டை, கிராம்பு, ஏலம், மிளகு, தக்காளி இவற்றோடு, லூமி எனப்படும் காய்ந்த கறுப்பு எலுமிச்சையும் சேர்வதுதான் அதன் தனி மணம். குவைத்திலும் பஹ்ரைனிலும் இதற்கு நெருங்கிய உணவை மச்பூஸ் என்பார்கள். மந்தி, ஏமனின் ஹள்ரமவுத் பகுதியிலிருந்து வந்தது. நிலத்துக்குள் அமைந்த அடுப்பில் கீழே அரிசியும் மேலே இறைச்சியும் வைத்து மூடிவிடுவார்கள், இறைச்சியின் கொழுப்பும் சாறும் அரிசியில் சொட்டி இறங்கும். காரம் குறைவு, புகை மணம் அதிகம். மத்பி என்றால் சூடான கற்களின் மேல் வாட்டியது. நம் ஊரில் ‘அல்ஃபஹாம்’ ஓர் உணவின் பெயராகிவிட்டது. இங்கே அது ‘கரியில் சுட்டது’ என்று பக்குவத்தை மட்டுமே குறிக்கும்.

சோறு உண்ணும் மக்களாகிய நமக்கு இந்த உணவுகள் எளிதில் பிடித்துவிடும். நான் சொல்ல விரும்புவது, அவற்றோடு நின்றுவிடாதீர்கள் என்பதே. உடைத்த கோதுமையைப் பால் பொருள்களோடு குழைய வேகவைத்து, மேலே வதக்கிய வெங்காயம் தூவும் ஜரீஷை, 2023-இல் சவூதியின் தேசிய உணவாக அறிவித்தார்கள். மாவுத் துண்டுகளைக் காய்கறி இறைச்சிக் குழம்பில் வேகவைக்கும் மர்கூக், மெல்லிய ரொட்டித் துண்டுகளைக் குழம்பில் ஊறவைக்கும் குர்ஸான் ஆகியவையும் நஜ்தின் பழைய வீட்டுச் சமையல். அரிசி இந்த மண்ணில் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. கோதுமையும் பேரீச்சையும் பாலுமே இந்நிலத்தின் பழைய உணவு. ஒரு வீட்டில் உங்களுக்கு ஜரீஷ் வைத்தால், அவர்கள் தங்கள் பாட்டியின் கைப்பக்குவத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கருதி மதித்து உண்ணுங்கள்.

கேட்டு வாங்கும்போது சில சொற்கள் போதும். ‘நஃபர்’ என்றால் ஓர் ஆளுக்கான அளவு; அது நம்மில் சிலருக்கு இரண்டு வேளைக்கு வரும். கோழியில் ‘ஹப்பா’ முழுமை, ‘நுஸ்’ பாதி, ‘ருப்ஃ’ கால். ‘தஜாஜ்’ கோழி, ‘சமக்’ மீன். ‘லஹம்’ என்று பொதுவாகச் சொன்னால் இங்கே ஆட்டிறைச்சியையே பெரும்பாலும் குறிக்கும். ‘பகர்’, ‘இஜ்ல்’ என்பவை மாட்டிறைச்சி, கன்றிறைச்சி. ‘ஹாஷி’ என்பது இளம் ஒட்டக இறைச்சி. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் இந்தச் சொற்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். காரம் வேண்டுமென்றால், சோற்றோடு வரும் தக்காளி மிளகாய்த் துவையலான தக்கூஸைக் கூடுதலாகக் கேளுங்கள்.

சைவ உணவினர் ஒன்றை மறக்கக் கூடாது. கடையில் ‘வெறும் சோறு’ என்று தருவதும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வெந்ததாகவே இருக்கும். பருப்புச் சூப்பிலும் கோழிச்சாறு சேர்ந்திருக்கலாம். ஃபூல், ஃபலாஃபில், ஹும்முஸ், கத்தரிக்காய் முதப்பல், தப்பூலா, ஃபத்தூஷ் ஆகியவற்றை நம்பலாம். விருந்துக்கு அழைக்கப்பட்டால், ‘அன நபாத்தி’ (நான் சைவ உணவினன்) என்பதை அழைத்தபோதே சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஆடு அறுத்து, பெரிய தட்டை முன்னால் கொண்டுவந்து வைத்த பிறகு சொன்னால், விருந்தளிப்பவர் தம்மையே குறை சொல்லிக்கொண்டு வருந்துவார்.

மஜ்லிஸும் கஹ்வாவும்

விருந்தினரை அமர்த்தும் அறை மஜ்லிஸ். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று சொல்லி நுழையுங்கள். ஏற்கெனவே பலர் அமர்ந்திருந்தால், உங்கள் வலப்பக்கம் இருப்பவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கை கொடுத்து வருவது வழக்கம். பிறகு ஒருவர் உள்ளே நுழைந்தால் நீங்களும் எழுந்து கை கொடுங்கள். உட்காரும்போது பாதத்தின் அடிப்பகுதி யாரையும் நோக்கி நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமரும் வீடுகள் அதிகம். குடும்பத்தோடு சென்றால் உங்கள் மனைவி பெண்களின் பகுதிக்கு அழைத்துச் செல்லப்படுவார். வீட்டுப் பெண்களைப் பெயர் சொல்லி விசாரிக்காமல், ‘குடும்பத்தார் நலமா’ என்று பொதுவாகக் கேளுங்கள். இனிப்புப் பெட்டியோ நல்ல பேரீச்சம்பழமோ கொண்டுபோனால் நன்று.

அமர்ந்த சிறிது நேரத்தில் கஹ்வா வரும். கும்பகோணம் காப்பியை நினைத்துக்கொண்டு வாயில் வைப்பவர்களுக்கு முதல் மிடறு வியப்பைத் தரும். பால் இல்லை, சர்க்கரை இல்லை, நிறமும் கறுப்பு அன்று. காப்பிக் கொட்டையை இளம் பழுப்பாக மட்டும் வறுத்து, ஏலக்காய் நிறையச் சேர்த்து, சில வீடுகளில் கிராம்பும் குங்குமப்பூவும் சேர்த்துக் கொதிக்கவைப்பதால், அது பொன்னிறமாக, மருந்துக் கஷாயத்துக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு சுவையோடு இருக்கும். இனிப்பு, அதனோடு வைக்கும் பேரீச்சம்பழத்தில் இருக்கிறது. ஒரு பழத்தைக் கடித்து, ஒரு மிடறு குடியுங்கள். மூன்றாவது மிடற்றில் அந்தச் சேர்க்கையின் நுட்பம் புரியும். தென்மேற்கில் ஜாஸான் மலைகளில் விளையும் கவ்லானிக் காப்பிப் பயிர்முறையை 2022-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அரபுக் காப்பியும் மஜ்லிஸும் 2015-இலேயே அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன.

கஹ்வா ஊற்றும் முறைக்குத் தனி இலக்கணம் உண்டு. ஊற்றுபவர் நின்றபடியே, நீண்ட மூக்குடைய காப்பிக் கூஜாவான தல்லாவை இடக்கையிலும் கோப்பைகளை வலக்கையிலும் வைத்திருப்பார். கோப்பையின் பெயர் ஃபின்ஜான்; பிடி இருக்காது. பாரசீகத்துப் ‘பிங்கான்’ என்ற சொல் அரபியில் ஃபின்ஜான் ஆகவும், கடல் கடந்து நம்மிடம் பீங்கான் ஆகவும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு எப்போதும் மகிழ்ச்சியே. நீங்கள் வலக்கையால் மட்டுமே அதை வாங்க வேண்டும். கோப்பையில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் ஊற்றுவார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். நிரம்ப ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று சொல்வதாகப் பொருள். சிறிதாக ஊற்றி, தீரத் தீர மறுபடியும் ஊற்றுவதே கவனிப்பு.

நீங்கள் கோப்பையை நீட்டிக்கொண்டிருக்கும் வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் வெற்றுக் கோப்பையை விரல்களில் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல ஆட்டித் திருப்பிக் கொடுங்கள். வாயால் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஒன்று முதல் மூன்று கோப்பை வரை குடிப்பது இயல்பு. முதல் கோப்பையை மட்டும் மறுக்க வேண்டாம். பதூ எனப்படும் பாலைவன நாடோடிகளின் பழைய மரபில், விருந்தாளி கோப்பையைக் குடிக்காமல் தரையில் வைத்தால், அவருக்கு ஏதோ ஒரு கோரிக்கை இருக்கிறது என்று பொருள். வீட்டுக்காரர் அதைக் கேட்டு நிறைவேற்ற வாக்களித்த பிறகே அவர் குடிப்பார். பெண் கேட்பதும், சண்டையைத் தீர்க்கச் சொல்வதும் இப்படி நடந்திருக்கின்றன. சூடு ஆறட்டும் என்று நாம் கோப்பையைக் கீழே வைக்கும்போது, எதிரில் இருக்கும் முதியவரின் முகம் சற்று மாறினால் காரணம் அதுதான். ஆகவே கோப்பையைக் கையிலேயே வைத்திருங்கள்.

பேரீச்சம்பழத்திலும் ஊர்ப் பெருமை உண்டு. மதீனாவின் அஜ்வா கறுத்து மென்மையானது. கஸீமின் சுக்கரி பெயருக்கேற்ப இனிப்பது. அல்அஹ்ஸாவின் கலாஸ் தேன் நிறத்தது. கோடையில் போனால் கனிந்து இன்னும் உலராத ருதப் கிடைக்கும். அதன் சுவை, உலர்ந்த பழத்தை மட்டுமே அறிந்தவர்களுக்குப் புதிது. கொட்டையை வாயிலிருந்து எடுத்து, அதற்கென வைத்த சிறு தட்டில் போடுங்கள். பழத்தட்டில் திரும்பப் போடுவது பெரும் பிழை.

ஒரே தட்டில் உண்பது

தரையில் சுஃப்ரா என்னும் விரிப்பை விரிப்பார்கள். இன்று பெரும்பாலும் அது மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். நடுவில் பெரிய வட்டத் தட்டில் சோறும், அதன் மேல் இறைச்சியும் வரும். கையைக் கழுவிவிட்டு, காட்டிய இடத்தில் அமருங்கள். முதன்மை விருந்தாளியும் மூத்தோரும் அமர்ந்த பின் மற்றவர்கள் அமர்வார்கள். ‘பிஸ்மில்லாஹ்’ என்று சொல்லித் தொடங்குவார்கள்.

கையால் உண்பது நமக்குப் புதிதன்று. ஆனாலும் இலையில் உண்ணும் பழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். நம் இலையில் சோற்றைப் பிசைந்து, விருப்பம் போல் பரப்பலாம். இந்தத் தட்டு எல்லாருக்கும் உரியது. உங்களுக்கு நேர் முன்னால் உள்ள பகுதி மட்டுமே உங்களுடையது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நடுவுக்கோ பக்கத்தவர் பகுதிக்கோ கையை நீட்டக் கூடாது. வலக்கை விரல்களால் சிறிது சோற்றை எடுத்து, உள்ளங்கையில் அழுத்தி உருட்டி, வாயில் போட வேண்டும். வாயருகே போனதில் ஒரு பருக்கையும் தட்டுக்குத் திரும்பக் கூடாது. உண்ணும் நடுவில் விரலைச் சூப்பிவிட்டு அதே கையைத் தட்டில் வைப்பதையும் தவிருங்கள். எலும்பை உங்கள் முன் விரிப்பின் மேலேயே வைக்கலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கடினம்தான். கரண்டி கேட்டால் தயங்காமல் தருவார்கள், அதை வலக்கையில் பிடித்து உண்டால் போதும்.

இறைச்சியை ஒரு கையால் பிய்ப்பது எளிதன்று. பெரும்பாலும் வீட்டுக்காரரே நல்ல துண்டுகளைப் பிய்த்து உங்கள் முன் வைத்துக்கொண்டே இருப்பார். தாமே உண்பதைவிட உங்களை உண்ணவைப்பதில்தான் அவர் கவனம் இருக்கும். முழு ஆடு சமைத்த விருந்தில் தலையைத் தட்டின் மேல் வைப்பது மதிப்பின் அடையாளம். கன்னத்துச் சதையோ நாக்கோ உங்களுக்குத் தரப்படலாம். பழக்கமில்லை என்றால் முகம் சுளிக்காமல், சிறு துணுக்கை எடுத்துக்கொண்டு மீதியை அருகிலுள்ள மூத்தவரிடம் அன்போடு நகர்த்துங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

போதும் என்று ஒருமுறை சொன்னால் அதை அவர்கள் கூச்சம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘வல்லாஹி’ என்று ஆணையிட்டு இன்னும் உண்ணச் சொல்வார்கள். அதனால் தொடக்கத்திலிருந்தே மெதுவாக உண்ணுங்கள், கடைசிச் சில கவளங்களுக்கு வயிற்றில் இடம் வைத்திருங்கள். பிறகு நெஞ்சில் கை வைத்து ‘அல்ஹம்துலில்லாஹ், ஷபிஃத்’ (நிறைந்துவிட்டது) என்று சொல்லுங்கள். நீங்கள் முதன்மை விருந்தாளி என்றால் விரைந்து எழுந்துவிடக் கூடாது. நீங்கள் எழுந்தால், பசி அடங்காதவர்களும் மரியாதைக்காக எழ நேரிடும்.

தட்டில் சோறு மிகுவதைக் கண்டு வருந்துபவர்கள் நம்மில் உண்டு. விருந்தாளி உண்டது போக மீதம் இருக்க வேண்டும் என்பது இங்கே கௌரவம்; அந்த மீதி அடுத்த வரிசைக்கும், வீட்டாருக்கும், பணியாளர்களுக்கும் போகும். இன்று மிகையாகச் சமைப்பதைக் கண்டிக்கும் குரல் சவூதியர்களிடமிருந்தே வலுவாக எழுகிறது. மிகுந்த விருந்து உணவைத் திரட்டி ஏழைகளுக்கு அளிக்கும் அறநிலையங்களும் இயங்குகின்றன.

பாலைவனப் பக்கம் விருந்துக்குப் போனால், கறந்த ஒட்டகப் பாலை நுரையோடு தருவார்கள். இந்த ஒன்றில் மட்டும் மரியாதையைவிட உடல்நலத்தை முன்னிறுத்துங்கள். காய்ச்சாத பாலால் மால்டா காய்ச்சல் எனப்படும் புருசெல்லோசிஸ் வரக்கூடும். மெர்ஸ் என்னும் சுவாச நோயின் கிருமியும் ஒட்டகங்களில் உண்டு. காய்ச்சிய பாலைக் கேளுங்கள், அல்லது கடையில் விற்கும் பதப்படுத்திய ஒட்டகப் பாலைச் சுவைத்துப் பாருங்கள்.

எழுந்து விடைபெறுவது

உண்டபின் ‘கத்தரல்லாஹு கைரக்’ (இறைவன் உங்கள் வளத்தைப் பெருக்கட்டும்) என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போங்கள். மறுபடியும் மஜ்லிஸில் தேநீர் வரும், சில வீடுகளில் புதினா சேர்த்து. பிறகு புகைக்கலத்தில் ஊது எனப்படும் அகில் கட்டையை இட்டு ஒவ்வொருவரிடமும் கொண்டுவருவார்கள். கையால் புகையை முகத்துப் பக்கமும் ஆடைப் பக்கமும் மெல்ல வாரிக்கொண்டு அடுத்தவரிடம் நகர்த்துங்கள். ‘மா பஅதல் ஊத் குஊத்’ என்பது வளைகுடாவில் வழங்கும் பழமொழி: ஊதுக்குப் பின் உட்கார்தல் இல்லை. அந்த மணம் வந்தால் விடைபெறும் வேளை வந்துவிட்டது. ‘இன்னும் இருங்கள்’ என்பார்கள்; அன்பாக நன்றி கூறி எழுந்துவிடுங்கள்.

ரமலான் மாதத்தில்

நோன்பு மாதத்தில் பகற்பொழுதில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் புகைப்பதும் எல்லாச் சமயத்தவருக்கும் தடை; அலுவலகத்தில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் மறைவான இடத்துக்குச் செல்லுங்கள். மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் அல்லது லபனும் கொண்டு நோன்பு திறப்பார்கள். நோன்புக் கஞ்சிக்குப் பழகிய நம் ஊர் முஸ்லிம்களுக்கு இங்கே அந்த இடத்தில் ஷூர்பா எனப்படும் சூப் கிடைக்கும். கூடவே சம்பூசாவும், பாகில் தோய்த்த லுகைமாத் உருண்டையும் வரும். தொழுத பின்பே பெரிய உணவு. பள்ளிவாசல் முற்றங்களில் யார் வந்து அமர்ந்தாலும் இலவசமாக இஃப்தார் (நோன்பு திறக்கும் உணவு) தருவார்கள். மாற்றுச் சமயத்தவரையும் யாரும் எழுப்புவதில்லை. பாங்குக்குப் பதினைந்து நிமிடம் முன்பே போய் வரிசையில் அமர்ந்துவிடுங்கள், பாங்கு ஒலிக்கும் வரை முன்னால் வைத்ததைத் தொடாதீர்கள்.

குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களின் கதவை, அந்த மாதத்தில் மஃரிபுக்குச் சற்று முன் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒரு பாத்திரத்தோடு தட்டக்கூடும். அந்தப் பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத வழக்கம் அவர்களிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. இரண்டொரு நாளில் சேமியா பாயசமோ, காரம் குறைத்த பருப்பு வடையோ வைத்துக் கொடுங்கள். இறைச்சி சேர்ந்த பண்டம் என்றால் அது ஹலால் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். மிளகாயின் அளவைப் பாதியாக்குங்கள். மஃரிபுக்கு அரை மணி நேரம் முன்பே, சூடு ஆறாமல், உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.